ஒற்றைக் கையுறைக்காரனின் தங்கை

தம்பி,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் கடையைத் திறந்தேன், பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன், எதற்கென்று தெரியாமல் திரும்பவும் கட்டி வைத்தேன். ஒருவர் வந்து, போன வார இதழ் கேட்டார். இந்த வார இதழைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பாதித் தெரு போய்த் திரும்பி வந்து, உடம்பு சரியில்லையா அண்ணே என்று கேட்டார். மகனுக்குக் கல்யாணம் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகனுக்குக் கல்யாணம் என்றால் அப்பன் கொஞ்ச நாளைக்குக் கழன்றுபோய்த் திரிவான் என்பது மார்க்கெட் ஸ்ட்ரீட் முழுக்கத் தெரிந்த விஷயம்தானே.

நீ கேட்டது என்னவோ சின்னக் கேள்விதான். "அம்மா ஏன் போனாங்கன்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்கப்பா. கேட்டா எனக்குப் பாவமா இருக்கணும். அப்படி ஒண்ணு இருந்தா கார்டுல பேரு போடுவோம், கல்யாணத்துக்குக் கூப்பிடுவோம். இல்லன்னா வேணாம்லா." கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு, கூண்டில் நிற்கிற சாட்சியைக் கேட்கிற மாதிரி கேட்டாய். வக்கீலுக்குப் படிக்க வைத்தவனே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். குயின் ஸ்ட்ரீட் அச்சகத்துக்காரர் கார்டின் மாதிரியை நேற்றே அனுப்பிவிட்டார். மாலதி வீட்டுப் பக்கம் அவள் அப்பா பெயரும் அம்மா பெயரும் ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன. நம் பக்கம் என் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர் அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

யோசித்து எழுதுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். உண்மையில் யோசிக்கிற வேலையே இருக்காது என்றுதான் நினைத்தேன். கெட்டவனுக்குப் பாவமான கதை கட்டுவதில் இந்தப் பினாங்கில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது உனக்குத் தெரியும். கோப்பி ஆறுவதற்குள் ஒன்று கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கோப்பி ஆறியது, மேலே ஆடை படிந்தது, அதைக் கொட்டிவிட்டு இன்னொன்றும் வாங்கி வந்தாயிற்று. காகிதத்தில் 'தம்பி' என்பதைத் தவிர ஓர் எழுத்து விழவில்லை.

சரி, கதை வேண்டாம், நடந்ததையே எழுதுகிறேன். இதை மாலதியும் படிக்கட்டும். ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதே.

அந்தக் காலத்தில் காமிக்ஸ் புத்தகங்கள் நமக்கு மெட்ராஸ் கப்பலில்தான் வரும். பத்திரிகை, பஞ்சாங்கம், பாட்டுப் புத்தகம் எல்லாவற்றோடும் ஒரே மூட்டையில் கட்டிப் போட்டிருப்பார்கள். கப்பல் தாமதமாகும். வந்தால் சுங்கத்தில் நிற்கும். சுங்கத்தை விட்டு வந்தால் பாதிப் புத்தகம் உப்புத் தண்ணீர் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தொடராக வருகிற கதையில் நடுவில் ஓர் இதழ் காணாமல் போவது வழக்கமான சங்கதி. விலை கொடுத்து வாங்க வசதியில்லாத பிள்ளைகள் நம் கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் கிடந்த பெஞ்சியில் உட்கார்ந்து, ஐந்து காசு கொடுத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நடுவில் ஓர் இதழ் இல்லையென்றால் என் கழுத்தைப் பிடிப்பார்கள். கொடுத்த காசுக்கு முழுக் கதை வேண்டுமாம். அது நியாயம்தான். ஆகவே வராத இதழை நானே சொல்லிவிடுவது என்று ஆகிவிட்டது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற கூட்டம் பெஞ்சியில் இடமில்லாமல் தரையிலும் உட்காரும். நான் கணக்குப் பார்க்கிற மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்வேன். அதற்குக் காசு கிடையாது.

ஒரு விஷயம் கவனித்தேன். காணாமல் போகிற இதழில்தான் எப்போதும் வில்லனுடைய முன்கதை இருந்திருக்கும். அடுத்த இதழில், 'இவன் ஏன் இப்படி ஆனான் என்பதை வாசகர்கள் சென்ற இதழிலேயே அறிவார்கள்' என்று ஒரு கட்டத்தில் போட்டுவிட்டுக் கதைக்காரன் மேலே போய்விடுவான். நம் வாசகர்கள் எங்கே அறிந்தார்கள்? எல்லாம் நடுக்கடலில் அல்லவா கிடந்தது. அதனால் ஒவ்வொரு வில்லனுக்கும் நான்தான் பிறந்த வீடு தேடிக் கொடுத்தேன். ஒருவனுக்கு மாற்றாந்தாய் கொடுமை. இன்னொருவன் செய்யாத திருட்டுக்கு ஜெயிலுக்குப் போனவன். ஊரையே மூழ்கடிக்கப் பார்த்தவனுக்கு, அவன் சின்ன வயதில் ஊரார் யாரும் அவன் வீட்டுச் சாவுக்கு வரவில்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ருசி கண்டுவிட்டது. நாயகர்களை எல்லாம் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். வில்லன் பெயரைச் சொல்லித்தான் புத்தகம் கேட்பார்கள்.

அந்த ஒற்றைக் கையுறைக்காரனை நீ மறந்திருக்க மாட்டாய். வங்கியைக் கொள்ளையடிப்பான், பாலத்துக்கு வெடி வைப்பான், வலது கையில் மட்டும் கறுப்புக் கையுறை போட்டிருப்பான். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டான். ஏன் என்பது வராத இதழில் இருந்தது. நான் சொன்னேன், அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள், மில்லில் தீப்பிடித்தது, முதலாளி வெளியே பூட்டியிருந்தான், இவன் கம்பிக் கதவை வெறுங்கையால் பிடித்து உலுக்கினான், கை வெந்துபோனது, கதவு திறக்கவில்லை என்று. நகைக்கடைக்காரர் வீட்டுக் குண்டுப் பையன் விக்கி விக்கி அழுதான். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு வந்த இதழ்களில் நாயகன் கையுறைக்காரனை அடிக்கும்போதெல்லாம் நம் பெஞ்சியில் நாயகனுக்குத்தான் வசவு விழும்.

வெகு நாள் கழித்து, வேறு எதற்கோ வந்த மூட்டையின் அடியில் அந்தக் காணாமல் போன இதழ் வந்து சேர்ந்தது. நீதான் மூட்டையைப் பிரித்தாய். நான் பார்ப்பதற்குள் பெஞ்சியில் இருந்த அத்தனை தலையும் உன்னைச் சுற்றி நின்றது. கையுறைக்காரனுக்குத் தங்கையும் இல்லை, மில்லும் இல்லை, தீயும் இல்லை. கைரேகை விழக் கூடாது என்பதற்காகக் கையுறை போட்டிருந்தான். அவ்வளவுதான், ஒரே கட்டத்தில் விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு என்மேல் கோபம் வரவில்லை பார். அச்சடித்தவன்மேல் கோபம் வந்தது. "பொஸ்தவத்துல தப்பா போட்டுட்டான்லா" என்று குண்டுப் பையன் தீர்ப்புச் சொன்னான், எல்லோரும் தலையாட்டினார்கள். நீ மட்டும் தலையாட்டவில்லை. என்னிடம் வேறு ஒன்று கேட்டாய். அதைச் சொல்லப் பிறகு வருகிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. வெளியே தொங்கவிட்டிருந்த பத்திரிகைகளை எல்லாம் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கே விட்டேன்? உன் அம்மா.

உன் அம்மா அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால் மரம் வெட்டுகிற குடும்பம். கல்யாணம் ஆகி இந்தக் கடைக்கு மேல்மாடிக்கு வந்தாள். ஒரு ஜன்னல், அதற்குக் கீழே தெரு, நாள் பூராவும் கடைக்காரர்கள் சத்தம். நான் மகாத்மா ஒன்றும் இல்லை, கத்துவேன், சாப்பாடு தாமதமானால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். ஆனால் கை நீட்டியது கிடையாது, குடித்தது கிடையாது. என் அக்கா, அதாவது உன் அத்தை, புருஷன் செத்துப்போன பிறகு நம்மோடு வந்து இருந்தாள். வாய் நீளம். ஆனாலும் உன் அம்மாவுக்கும் அவளுக்கும் பெரிதாகச் சண்டை வந்ததில்லை. பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் பேக்டரிகள் திறந்து, பெண்களை வேலைக்கு எடுத்தபோது உன் அம்மாவும் போகிறேன் என்றாள். போ என்றேன். விடியும்போது தெருமுனைக்குப் பேக்டரி பஸ் வரும். பூதக்கண்ணாடிக்குள் பார்த்து முடி மாதிரி கம்பிகளை ஒட்டுகிற வேலை. சாயங்காலம் கண் சிவந்து வருவாள், ஆனால் பேசிக்கொண்டே வருவாள். மாடிப்படி ஏறும்போது அந்தப் பேச்சு நின்றுவிடும். இதை நான் அப்போது கவனித்தேனா, பிறகு யோசித்து யோசித்துக் கவனித்ததாக ஆக்கிக்கொண்டேனா, எனக்கே தெரியாது. நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். ஒரு சாயங்காலம் பஸ் வந்தது, அவள் அதிலிருந்து இறங்கவில்லை.

உன் அத்தை ஒரு கதை வைத்திருந்தாள், உன் காதில் விழுகிற மாதிரியே அதைச் சொன்னாள். பேக்டரி பஸ் டிரைவரோடு போய்விட்டாளாம். அது சுத்தப் பொய். அந்த டிரைவர் பாவம், தன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு நம் கடைக்கே வந்து வாராவாரம் பத்திரிகை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வரும்போது அத்தை உள்ளே போய்விடுவாள். உன் அம்மா எவரோடும் போகவில்லை. கூட வேலை செய்த பெண்கள் கெலுகோரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள், அதில் ஓர் அறையில் போய் இருந்துகொண்டாள். நாம் இருந்த இடத்திலிருந்து ஒரு பஸ் தூரம். கடலையும் தாண்டவில்லை, மலையும் தாண்டவில்லை. அதுதான் என்னை அதிகம் கொன்றது. தூரதேசம் போயிருந்தாலாவது ஊருக்குச் சொல்ல ஒரு மரியாதை இருந்திருக்கும்.

நான் போய்ப் பார்த்தேன். கெலுகோர் பஸ் ஸ்டாப்பில், வேலை விட்டு வந்து இறங்கியபோது பிடித்தேன். என் அக்கா ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன், இல்லை என்றாள். நான் ஏதாவது சொன்னேனா என்றேன். சிரித்தாள். நீங்க நல்லவருதான் என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது. அப்புறம் ஏன் என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"அங்க இருக்கப் புடிக்கலைங்க. காரணம்னு ஒண்ணும் இல்ல. நானும் தேடிப் பாத்துட்டேன்."

காரணம் இல்லாமல் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எவளாவது வருவாளா என்று கேட்டேன். அதற்குச் சொன்னாள், "ஏதாச்சும் ஒண்ணு சொன்னாத்தான் ஒங்களுக்கு மனசு ஆறும்னா, நீங்களே ஒண்ணு சொல்லிக்கங்க. ஒங்களுக்குத்தான் நல்லா சொல்ல வருமே." குத்திக் காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு அனுமதி கொடுத்தாள். பிறகு, தம்பி இன்னும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஊருக்குத் திரும்புகிற பஸ் வந்தது, நான் ஏறிவிட்டேன்.

இப்போது இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமே மோசடி ஆகிவிடும். அதற்கு அடுத்த வருஷம் உனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, நினைவிருக்கிறதா? நான் திரும்பவும் கெலுகோர் போய் அவளிடம் சொன்னேன். வர்றேன் என்றாள். நீ வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். அவள் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நீ தூங்கும்போது அம்மா வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அழுதுவிட்டுப் போனாள் என்று நான் உன்னிடம் சொன்னேன். அது நான் சொன்ன வராத இதழ். மில் தீ மாதிரிதான். உன் அம்மாவின் பேரில் நான் கட்டிய ஒரே கதை அதுதான், இப்போது அதையும் பிடுங்கிவிட்டேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் கடை வாசலில் நின்றேன். மழை விட்டிருக்கிறது. எதிர்த்த புடவைக்கடையில் மைக் வைத்துக் கூவுகிறார்கள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்று தோன்றியது. ஏனென்றால் இன்று காலை முழுக்க நான் வேறு ஒன்றைத்தான் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியுமா? கொஞ்சம் உண்மைகூட அதில் இருந்தது. உன் அம்மா படிப்பில் கெட்டிக்காரி. ஆறாம் வகுப்போடு நிறுத்தி மரம் வெட்ட அனுப்பிவிட்டார்கள். விடிகாலைக் கொசு, தலையில் விளக்கு, கையில் உளி. படிக்க ஆசைப்பட்ட பெண் ஒருத்தி, அடைத்து வைத்தால் மூச்சு முட்டும் என்று ஆரம்பித்தால் அழகாகப் போகும். நீயே கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்டில் பெயர் போடச் சொல்லிவிடுவாய். ஆனால் ஒன்று உதைத்தது. உன் பெரியம்மாவையும் அதே வயதில்தான் நிறுத்தினார்கள். அதே கொசு, அதே உளி. அவள் ஐந்து பிள்ளைகளைப் பெற்று, குடிகாரப் புருஷனையும் வைத்துக்கொண்டு, நிபோங் திபாலில் ஒரே வீட்டில் இருக்கிறாள். அவளிடம் இல்லாத என்ன கஷ்டம் இவளிடம் இருந்தது? ஒரே கஷ்டம் இரண்டு பேருக்கு. ஒருத்தி இருந்தாள், ஒருத்தி போனாள். இந்த இடத்தில்தான் என் வித்தை படுத்துவிட்டது.

போன வருஷம் உன்னைப் பார்க்க வந்தபோது கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாயே. மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பை பறித்த ஒரு பையனுக்காக நீ பேசினாய். குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டனையைக் குறைக்கத்தான் பேச்சு. அப்பன் செத்தது, அம்மா ஓடாய்த் தேய்ந்தது, இவன் பசியோடு பள்ளிக்கூடம் போனது எல்லாம் நீ சொல்லச் சொல்ல நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தண்டனை குறைந்தது. பசியாற உட்கார்ந்தபோது, எல்லாம் உங்கள் பெஞ்சியில் கற்றுக்கொண்டதுதான் அப்பா என்றாய். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஊருக்கு வந்து கடைக்குக் கடை சொன்னேன். ஆனால் அன்றைக்குக் கோர்ட்டு வராந்தாவில் நான் இன்னொன்றும் பார்த்தேன். பையைப் பறிகொடுத்துக் கீழே விழுந்த சீனப் பெண்மணி கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் சின்ன வயதில் என்ன பட்டாள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, உன் வேலை அது. அந்தப் பையனுக்கும் யாராவது பேசத்தான் வேண்டும். ஆனால் ரயிலில் வரும்போது பூராவும் அந்த மாவுக்கட்டுத்தான் கண்முன் நின்றது. நான் பெஞ்சியில் அழ வைத்தபோதெல்லாம், கையுறைக்காரன் தகர்த்த பாலத்தில் யார் போய்க்கொண்டிருந்தார்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நம் வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீதான். உன் அம்மாவுக்கு நான் என்ன கதை கட்டினாலும் அந்தக் கட்டு அவிழாது.

ஆகவே நேராகச் சொல்கிறேன். காரணம் இல்லை. நான் மறைக்கவில்லை, தேடி எடுக்க முடியவில்லை. அவள் செய்தது தப்பு. பிடிக்காவிட்டால் என்னை விட்டுப் போயிருக்கலாம், அது அவள் இஷ்டம். உன்னைப் பார்க்க ஒரு பஸ் ஏறி வந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்காவது வந்திருக்க வேண்டும். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இன்றைக்கும் பேக்டரி பஸ் தெருவில் போனால் எனக்கு வயிறு எரியும். இப்போது அவள் அக்கரையில், சுங்கை பாக்காப்பில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். துணி தைக்கிறாள் என்று கேள்வி. கூப்பிட்டால் வருவாளா என்றும் எனக்குத் தெரியாது. வர்றேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தாலும் இருப்பாள், அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளிடம் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவளைக் கூப்பிடு என்கிறேன். உனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். வக்கீல் மூளைக்கு இது ஏறாது. ஆனால் நீ கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறாய் தம்பி. நாளைக்கு மாலதி காரணம் இல்லாமல் ஒரு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உனக்கே ஒரு நாள் காரணம் இல்லாமல் வீட்டுக்குப் போகப் பிடிக்காது, தெருவில் சுற்றிவிட்டு வருவாய். ஒவ்வொரு தடவையும் கேட்டால் பாவமாக இருக்கிற மாதிரி ஒரு முன்கதை வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்றால், அந்த வீட்டில் குடும்பம் நடக்காது, விசாரணைதான் நடக்கும். எதிரில் இருக்கிறவளும் கதை கட்டப் பழகிக்கொள்வாள். கதை கட்டுகிறவனோடு வளர்ந்தவன் நீ, அது எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும். கஷ்டம் தெரிந்த பிறகு இரங்குவது என் பெஞ்சியில் இருந்த பிள்ளைகளாலேயே முடிந்தது. அதற்கு உன்னைப் பெரிய ஆளாக வளர்த்திருக்க வேண்டியதில்லை.

அத்தையை நினைத்துக் கவலைப்படாதே. "அவ பேரு கார்டுல வந்தா நான் பந்தல்ல கால வைக்க மாட்டேன்" என்று இப்போதே அடுப்படியில் நின்று அறிவித்துவிட்டாள். உன்னைத் தூக்கி வளர்த்தவள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. புருஷனை இழந்தவள் என்று யார் என்ன சொன்னாலும், அம்மா ஸ்தானத்தில் நின்று உனக்கு ஆகவேண்டிய சடங்கு எல்லாம் அத்தைதான் செய்வாள், அதில் மாற்றம் இல்லை. உன் அம்மாவுக்கு ஒரு நாற்காலியும் கார்டில் ஒரு பெயரும் போதும். அத்தை கத்துவாள், இரண்டு நாள் சாப்பிட மாட்டாள், மூன்றாம் நாள் எந்தப் புடவை கட்டுவது என்று என்னையே கேட்பாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு வருகிறேன் என்றேனே, அந்த விஷயம். கையுறைக்காரனுக்குத் தங்கை இல்லை என்று தெரிந்த அன்றைக்கு, மற்றப் பிள்ளைகள் எல்லாம் புத்தகக்காரனைத் திட்டிக்கொண்டிருக்க, நீ அந்த இதழை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"அப்ப இனிமே அவன புடிக்கக் கூடாதாப்பா?"

உன் அம்மா போய் அப்போது கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாய். நீ காமிக்ஸைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. மழை வருது, மூட்டையை உள்ளே எடுத்து வை என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். நீயும் திரும்பக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து நேற்றுத்தான் போனில் அதே கேள்வியை வக்கீல் பாஷையில் கேட்டாய்.

புடிக்கலாம் தம்பி. தங்கச்சி இல்லாவிட்டாலும் புடிக்கலாம். தப்பு தப்புதான், அது அப்படியே இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் போடலாம். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். மாடிப்படி வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வருவாளே, அந்தப் பேச்சு எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. காரணம் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் போன் பண்ணு. நான் கடையிலேயே இருப்பேன். போடுங்கப்பா என்று நீ சொன்னால், நானே அச்சகத்துக்கு நடந்து போய் சரோஜா என்று அந்த இடத்தில் சேர்க்கச் சொல்கிறேன். கார்டு வந்ததும் பெர்ரி ஏறி அக்கரைக்குப் போய் அவள் கையில் நானே கொடுத்துவிட்டு வருகிறேன், நீ வர வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொன்னாலும் போன் பண்ணு. அந்த இடத்தை மூடிவிடச் சொல்லிவிடுகிறேன். ஏன் என்று உன்னைக் கேட்க மாட்டேன்.

அப்பா